பெரியம்மாவுக்கு நன்றி

ஆக்சிலியா மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய அன்று கோவில்பத்து வீட்டில் ஜெபமாலை தாமதமாகத்தான் ஆரம்பித்தது. பெட்டிகள் கூடத்திலேயே பிரிந்து கிடந்தன. பேரீச்சம்பழம், பால்பவுடர் டின், அக்கம்பக்கத்துக்குக் கோடாலித் தைலம், மகளுக்குக் கண் சிமிட்டும் பொம்மை. எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒன்றாக, அன்றைக்கு நடந்த ஏதாவது ஒரு நல்லதுக்கு வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். குழாயில் தண்ணீர் வந்தது போதும், மீன் மலிவாகக் கிடைத்தது போதும். மாமனார் காலத்தில் தொடங்கியது. அவருக்குப் பிறகு மூத்த மருமகள் சுகிர்தா அதை விடாமல் நடத்திக்கொண்டு வந்தாள்.

சுகிர்தாவின் கணவர் லூர்துநாதன் மின்துறையில் லைன்மேன். "இன்னைக்கும் கம்பத்துல ஏறி முழுசா எறங்குனேன். நன்றி சேசுவே" என்றார். அது அவருடைய தினப்படி நன்றி. ஆக்சிலியாவின் கணவன் அமலன், "என் வீட்டுக்காரி நல்லபடியா வந்து சேந்தா" என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டான். அடுத்தது பெர்னதெத்தின் முறை. எட்டு வயது. ஆக்சிலியா வேலைக்கு விமானம் ஏறியபோது அவளுக்கு மூன்று. நடுவில் இரண்டு தடவை லீவில் வந்து போனதைத் தவிர, அம்மா என்பவள் அவளுக்கு இமோ வீடியோ காலில் வரும் முகம்தான்.

ஆக்சிலியா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லுவாள் என்பதை விமானத்திலேயே அவள் கற்பனை செய்து பார்த்தாயிற்று.

"பெரியம்மா எனக்குப் பேன் பாத்து விட்டாங்க. பெரியம்மாவுக்கு நன்றி. அவங்களக் குடுத்த சேசுவுக்கு நன்றி."

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா, "அடி இவளே, அம்மா வந்துருக்கா, அத விட்டுட்டுப் பேனுக்கு நன்றி சொல்றா பாரு" என்று பிள்ளையின் தலையில் செல்லமாகக் குட்டினாள். ஆக்சிலியாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஓரகத்திகள் இருவருக்கும் அதுவரை ஒரு சண்டை கிடையாது. பெர்னதெத் பிறந்தபோது ஆக்சிலியா காரைக்காலில் ஒரு நர்சிங்ஹோமில் நர்சாக வேலை பார்த்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது சுகிர்தாதான். ஓட்டு வீட்டை மாடி வீடாக்க வேண்டும் என்று வெளிநாட்டு வேலைக்கு அவள் கிளம்பியபோது, "நீ கவலையில்லாம போ, என் வயித்துல பொறந்தது போலப் பாத்துக்குறேன்" என்று சொன்னவளும் சுகிர்தாதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆக்சிலியாவுக்கு இப்போது எரிச்சலே அதுதான். குறை சொல்லவாவது ஏதாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

சுகிர்தா எதையும் கொண்டாடாமல் விடமாட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போன முதல் நாளில் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல். முதல் பல் விழுந்தபோது மாதா கோயிலில் மெழுகுவத்தி. பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வியிடம் சொல்லி அவர்கள் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில்கூடப் பெர்னதெத் பேரில் ஒரு பங்கு வாங்கிவிடுவாள். தனியாக சைக்கிள் ஓட்டியது, 'பரலோக மந்திரம்' தப்பில்லாமல் சொன்னது, அம்மை போட்டு இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது என்று எல்லாமே வீடியோவாக மஸ்கட்டுக்கு வரும். ஆக்சிலியா டியூட்டி முடிந்து அறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்ப்பாள். கூட இருந்த கேரளத்து நர்சுகளிடம் காட்டிப் பெருமைப்படுவாள். அந்த வீடியோக்களில் பிள்ளை எதைச் செய்து முடித்தாலும் கேமராவைப் பார்ப்பதில்லை, கேமராவைப் பிடித்திருப்பவளைத்தான் பார்க்கிறாள் என்பது அப்போது அவள் கண்ணில் படவில்லை. வந்து இறங்கிய பிறகு பழைய வீடியோவை ஒருநாள் போட்டுப் பார்த்தபோது பட்டது.

அதற்குப் பிறகு பட்டதெல்லாம் அதுவே. பெர்னதெத் சுறா புட்டு சாப்பிடமாட்டாள் என்பது ஆக்சிலியாவுக்குத் தெரியாது; ஆசையாகச் செய்து வைத்தாள், பிள்ளை தட்டைத் தள்ளியது. தலை பின்னும்போது இடது பக்கத்தை முதலில் பின்ன வேண்டுமாம். "பெரியம்மா அப்பிடித்தான் பின்னுவாங்க." மே மாதம் பிள்ளைக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காக மஸ்கட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய வெள்ளை கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். முதுகில் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"எட்டு வயசுக்குன்னுதான் கேட்டு வாங்குனேன்" என்றாள் ஆக்சிலியா.

"அவ முதுகு அகலம் ஆக்சிலி. எங்க வீட்டு ஆளுங்க முதுகு" என்றாள் சுகிர்தா. "பக்கத்துல துணி விட்டுத்தான் தச்சிருக்கான். பிரிச்சு விட்டா சரியாப் போயிடும். குடு, நான் பண்றேன்."

'எங்க வீட்டு ஆளுங்க'. பெற்றவளுக்கு முன்னால் நின்றுகொண்டு. "வேணாங்க்கா, நானே பாத்துக்குறேன்" என்று கவுனை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஆக்சிலியா கெட்டவள் இல்லை. இரவு படுக்கும்போது தன்னையே திட்டிக்கொள்வாள். 'வளத்துக் குடுத்தவங்களப் பாத்து வயிறு எரியிறியே, நீயெல்லாம் மனுஷியா' என்பாள். காலையில் பிள்ளை எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவளைத் தாண்டி நேராக அடுக்களைக்குள் போய்ச் சுகிர்தாவின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். இரவு திட்டியதெல்லாம் காற்றோடு போய்விடும்.

தவக்காலம் நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அது வெடித்தது. ஆக்சிலியா அப்போது டவுனில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாலை டியூட்டி முடிந்து வந்தபோது தெருமுனையிலேயே தாமரைச்செல்வி வழிமறித்தாள்.

"ஆக்சிலியா, வாழ்த்துக்கள். புள்ள மறைக்கல்விப் பரிச்சையில மொதப் பரிசாமே. பாயசம் அருமை. ஒங்க ஓரகத்தி கையே கை."

ஆக்சிலியாவுக்குப் பரிசு வந்ததும் தெரியாது, பாயசம் காய்ச்சியதும் தெரியாது. வீட்டுக்குள் போனால், கூடத்தில் பாயசம் குடித்த டம்ளர்கள் கவிழ்ந்து கிடந்தன. பெர்னதெத் கழுத்தில் ரிப்பனோடு ஒரு பதக்கம் தொங்கியது. சுகிர்தா அடிப்பாத்திரத்தை வழித்து ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டே, "வா வா, ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

"எனக்குன்னு எடுத்து வச்சீங்களா?" என்றாள் ஆக்சிலியா. "எம்புள்ளைக்குப் பரிசு வந்தா மொதல்ல எனக்குத்தானக்கா தெரியணும்? தெருவே குடிச்சதுக்கு அப்புறம் எனக்கு மிச்சமா?"

சுகிர்தா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆக்சிலி, பக்கத்துப் புள்ளைங்கல்லாம் கூடவே ஓடியாந்துச்சு. இருந்த சேமியாவப் போட்டு..."

"நான் ஒரு மணி நேரத்துல வந்துருப்பேன். ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா ஒங்களுக்கு?"

பெர்னதெத் பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவர்கள் தருமபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். மாடி போட்டுக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு வாடகைக்குப் போகிறார்களே என்று தெருவில் பேசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று ஆக்சிலியா காரணம் சொன்னாள். அமலன் துறைமுகத்திலிருந்து மீன் லோடு அடிக்கிற சின்ன வண்டி வைத்திருந்தான். அதே வண்டியில் சாமான்களை ஏற்றினான். அண்ணனிடமும் அண்ணியிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்த்தான். சுகிர்தா வாசலில் நின்று பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆக்சிலியாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புது வீட்டிலும் ஜெபமாலை நடந்தது, மூன்றே பேர். கடைசியில் பெர்னதெத்தின் முறை வந்தபோது அவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம இருக்குமா? அம்மா ஒனக்குப் பூரி சுட்டுக் குடுத்தேன்ல?"

"பூரிக்கு நன்றி" என்றாள் பிள்ளை. மறுநாளும் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும்தான். ஆக்சிலியா தலை பின்னிவிட்டாள், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள், கடற்கரைக்கு அழைத்துப்போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தாள். பிள்ளை சண்டை போடவில்லை, அடம் பிடிக்கவில்லை. யார் வீட்டிலோ விருந்தாளியாகத் தங்கியிருப்பதுபோல மரியாதையாக இருந்தது. அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

புதுநன்மைக்கு முன்னால் பிள்ளைகள் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்காக ஒரு மாலை பெர்னதெத் தலையான பாவங்கள் ஏழையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"அம்மா, காய்மகாரம்னா என்ன?"

அரிசி களைந்துகொண்டிருந்த ஆக்சிலியா திரும்பிப் பார்க்கவில்லை. "பொறாமை. அடுத்தவங்களுக்கு ஒரு நல்லது இருந்தா, அது நமக்கு இல்லையேன்னு மனசு வேகுறது."

பிள்ளை புத்தகத்தை மூடியது. "அப்ப எனக்கு அது இருக்கும்மா. ஃபாதர்கிட்ட சொல்லணுமா?"

"ஒனக்கா? யார் மேலடி?"

"பெரியம்மா வீட்டுப் பூன மேல. அது மட்டும் அங்கயே இருக்குல்ல."

ஆக்சிலியா அரிசிக் கழுநீரைக் கொட்டப் போனவள் அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிட்டாள்.

அன்று அமலன் வந்ததும் வராததுமாக அவனிடம் சண்டை பிடித்தாள். சண்டைக்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. உங்கள் அண்ணி என் பிள்ளைக்கு என்ன மருந்து வைத்தாள் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. அமலன் அதிகம் பேசாதவன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"பல்லு விழுந்தத அவங்க பாத்தாங்க, பள்ளிக்கூடம் போனத அவங்க பாத்தாங்க, எல்லாம் சரி. ஆனா மொத மொதல்ல அவ நடந்தத நான்தான் பாத்தேன். டியூட்டி முடிஞ்சு வாசல்ல செருப்பக் கழட்டுறேன், கதவப் புடிச்சிட்டு நின்னவ கைய விட்டுட்டு எங்கிட்ட வந்தா. அத யாராலயும் எங்கிட்டேருந்து எடுத்துக்க முடியாது."

அமலனின் கை தட்டில் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"என்னான்னு சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவனுக்கும் பொறுமை எங்கோ ஓரிடத்தில் முடிந்திருந்தது. "அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே நடந்துட்டாடி. கொல்லையில, அண்ணி துணி காயப் போட்டுட்டு இருந்தப்ப. நாங்க எல்லாருமே பாத்தோம். ஆக்சிலி பாக்குற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அண்ணிதான் மாதா படத்துக்கு முன்னாடி நிறுத்திச் சத்தியம் வாங்குனாங்க. நீ வர்ற நேரத்துக்குத் தெனம் புள்ளையக் கதவுகிட்ட நிறுத்தி வச்சாங்க."

நன்றியில் மனம் உருகிப்போயிருக்க வேண்டும். கதை கேட்கிறவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். ஆக்சிலியாவுக்கு உருகவில்லை, கொதித்தது. ஐந்து வருஷம் அறையில் தனியாகக் கிடந்தபோதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்ட ஒன்று. அதுவும் சுகிர்தா கொடுத்ததுதானா? அப்படியானால் தனக்கென்று சொந்தமாக என்னதான் இருக்கிறது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் கோவில்பத்துக்குப் போனாள். சுகிர்தா கொல்லையில் அரிவாள்மணையில் கெழங்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பூனை காத்திருந்தது.

"வா ஆக்சிலி. புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"பெர்னா மொதல்ல நடந்தத ஏங்க்கா எங்கிட்ட மறைச்சீங்க?"

சுகிர்தா மீனைக் கீழே வைத்தாள். "அமலன் ஒளறிட்டானா?"

"எனக்குப் பிச்சை போட்டீங்களா?"

"என்ன பேச்சுடி பேசுற." சுகிர்தாவின் முகம் சிவந்தது. "கைப்புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போயிட்டு, பால் கட்டிக்கிட்டு வந்து நிப்ப. நீ பாக்காம போயிட்டன்னு தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி முழுக்க அழுவ. ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருக்குறதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அப்ப ரெண்டு நாள் பொறுத்தவங்க, இப்ப ஒரு மணி நேரம் பொறுக்கலையே."

சுகிர்தா அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். செதில் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நீ சாயந்தரமானா வருவ. ஒனக்காகக் காத்திருப்போம். அப்புறம் அஞ்சு வருஷம் காத்திருக்க ஆளே இல்ல. ஒரு நல்லது நடந்தா உடனே பாயசம் வச்சுப் பழகிப் போச்சு. நீ இங்கதான் இருக்கேங்குறது அன்னைக்கு எனக்கு நெனப்பே வரலடி. தப்புதான்."

வேண்டுமென்று செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஆக்சிலியா இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். மறந்துவிட்டேன் என்பதற்கு என்ன பேசுவது? தான் இல்லாமலே ஒரு வீடு பழகிவிட்டது. அது யார் குற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். சுகிர்தா மீன் கையோடு தொட முடியாமல், "ஏய், ஏய்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை அதற்குள் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு மதிலேறிவிட்டது. "அடி பாழாப்போன பூனையே!" என்று சுகிர்தா கத்தியதில் ஆக்சிலியாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது கேட்டாள்: "அக்கா, அந்தக் கவுன் இன்னும் பத்தல. நான் பிரிச்சுப் பாத்தேன், ஒரு பக்கம் கோணிப் போச்சு."

"குடுத்தனுப்பு" என்றாள் சுகிர்தா.

புதுநன்மை நல்லபடியாக நடந்தது. கவுன் பொருந்தியது. கோயிலில் பிள்ளைக்குப் பின்னால் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். சுகிர்தாவும் லூர்துநாதனும் நாலு வரிசை தள்ளி நின்றார்கள். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பிய பெர்னதெத் யாரைத் தேடுகிறாள் என்று ஆக்சிலியா கவனித்தாள். கவனிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கவனித்தாள். பிள்ளை யாரையும் தேடவில்லை. மெழுகுவத்தி அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நடந்தது. பள்ளி திறந்தபோது, வெள்ளி சனி இரண்டு ராத்திரியும் பெர்னதெத் கோவில்பத்தில் இருப்பது என்று பேசிக்கொண்டார்கள். முதல் வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆக்சிலியாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனாலும் ஞாயிறு சாயந்தரம் பிள்ளை விருந்தாளியாகத் திரும்பி வரவில்லை. வாசலிலிருந்தே பசி என்று கத்திக்கொண்டு வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடியேறியது. காரைக்காலிலிருந்து காவித் துணி கட்டிய கூட்டம் கூட்டமாக ஆட்கள் நடக்க ஆரம்பித்தார்கள். தானும் நடக்கிறேன் என்றாள் பெர்னதெத். சுகிர்தாவுக்கு முட்டிவலி, நடக்க முடியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆக்சிலியா மட்டும் கிளம்பினாள். நாகூர் தாண்டியதும் பிள்ளைக்குக் காலில் கொப்புளம். ஒரு பந்தலில் உட்காரவைத்து, ஊசியைக் கொளுத்திக் கொப்புளத்தை உடைத்து மருந்து வைத்துக் கட்டினாள். வண்டியில் ஏறிக்கலாமா என்று கேட்டதற்குப் பிள்ளை மாட்டேன் என்றது. கடைசி வரை நடந்தது. கோபுரம் கண்ணில் பட்டதும், "அம்மா, நான் முழுசா நடந்துட்டேன்ல!" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கியது.

மறுநாள் கோவில்பத்தில் சோறு. பெர்னதெத் பெரியம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பந்தலில் தந்த எலுமிச்சைச் சாதம், வழியில் பார்த்த குதிரை, கொப்புளம்.

"கொப்புளமா? யாரு மருந்து போட்டா?"

"அம்மாதான். வலிக்கவே இல்ல பெரியம்மா. அம்மாவுக்கு ஊசி வேலையெல்லாம் நல்லாத் தெரியும்."

"ஆமாமா, ஒங்கம்மாவுக்குத் தெரியாததா" என்றாள் சுகிர்தா. சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றதை ஆக்சிலியா பார்த்தாள். "நான் பாக்காம போயிட்டேன். சரி, சோறு ஆறுது" என்று சுகிர்தா தரையில் கையூன்றி எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

ஆக்சிலியாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மாதமாக அவள் கண்ணாடியில் பார்த்த முகம்தான். முதலில் ஒரு சந்தோஷம், வெட்கமில்லாத சந்தோஷம், மனதில் துள்ளி எழுந்தது. அதை அவள் அடக்கவில்லை, கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

சுகிர்தா திரும்பிப் பார்க்காமலே குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் நானும் நடக்கலாம்னு பாக்குறேன். இந்த முட்டிக்கு என்னா வழின்னு பாத்துச் சொல்லு."

அடுத்த வருஷமும் மகளும் தானும் மட்டும் போக வேண்டும் என்றுதான் ஆக்சிலியா வேளாங்கண்ணிக் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். அது வாய் வரை வந்தது.

"மொதல்ல ஒக்காருங்க" என்றாள்.

சுகிர்தா மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். ஆக்சிலியா தரையில் அவள் முன்னால் அமர்ந்து, கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"எங்கக்கா வலிக்குது? இங்கயா, உள்பக்கமா?"

"அதுக்குக் கொஞ்சம் கீழ" என்றாள் சுகிர்தா. "ஆ, அங்கதான்."